கோயில் காட்டில் விழாத குருவி

ஐயா, அம்மணி, இத்தொடரை வாரந்தோறும் பொறுமையுடன் வாசித்து வரும் தங்களுக்கு என் பணிவான வணக்கம். யுத்த காலத்தில் நான் கரி பஸ்ஸில் வேலை பார்த்த கதையைச் சென்ற வாரம் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடர்வதற்கு முன்பு, அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முந்திய ஒரு காலைப்பொழுதைச் சொல்லியாக வேண்டும். இதுவரை அதைச் சொல்லாமல் தள்ளி வந்தேன். என் வயதில் இனித் தள்ளுவது முறையன்று.

அது ஆவணி மாதம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் ஏறக்குறைய பாதி வழியில், சாலையை ஒட்டி ஒரு கோயில் காடு உண்டு. அதன் ஓரமாகக் கிழக்கே, வானூர்ப் பக்கம் திரும்பும் மண் பாதையில் எங்கள் வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டியில் என் தாயார், தாய்மாமன், மாமி ஆகிய மூவர். நடுவில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஈரத்துணியில் சுற்றிய பூ. எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம்.

மாப்பிள்ளை உடன் போகும் வழக்கம் அன்று எங்களிடையே இல்லை. வண்டியோட்டிக்குக் காய்ச்சல் கண்டதால் நானே மாட்டைப் பிடிக்க நேர்ந்தது. ஆகவே எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். முதலில் கண்டவனும் நானே.

பாதைக்கு மேலே நீண்டிருந்த கிளையிலிருந்து ஒரு சிறு பறவை ஆளுயரம் எழும்பியது. எழும்பிய இடத்திலேயே ஒரு கணம் நின்றது. பிறகு சிறகெல்லாம் குலைந்து, பஞ்சு உருண்டையைப் போலாகி, சுழன்று சுழன்று கீழே வந்து காரைப் புதருக்குப் பின்னால் மறைந்தது. விழும்போது அதன் தொண்டையிலிருந்து கிறுகிறுவென்று ஓர் ஒலி. உயிர் பிரியும் ஒலி என்றே எண்ணினேன்.

"ஐயோ, குருவி செத்து வுழுது!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

வண்டி திரும்பியது

"வண்டிய நிறுத்துடா" என்றார் மாமன். "எங்க வுழுந்துச்சு?"

"அந்தப் பொதருக்குப் பின்னால மாமா. சுத்திக்கினே வந்து வுழுந்துச்சு."

"யாராச்சும் கல்லு கில்லு வுட்டாங்களா?"

"ஒருத்தரையும் காணோம் மாமா. தானா வுழுந்துச்சு."

என் தாயார், "எறங்கிப் போயி பாத்துட்டுத்தான் வாயேன்டா ரத்தினம்" என்றார்.

"சாமி காட்டுல கால வைக்கச் சொல்றியா? புள்ளையப் பெத்தவ பேசற பேச்சா இது?" என்று மாமன் சீறினார்.

அந்தக் காட்டுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு. ஆண்டுக்கு ஒரு நாள், பொங்கல் வைக்கும்போது மட்டுமே உள்ளே போகலாம். மற்ற நாட்களில் ஒரு காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கலாகாது. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் நூறு வேலி விளைநிலத்தின் நடுவே அந்த மரங்கள் பிழைத்திருந்தன. அதே கட்டுப்பாட்டினால்தான் அன்று நாங்கள் பத்தடி தள்ளியிருந்த புதருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

"செத்த நேரம் குந்தி, தண்ணி குடிச்சிட்டுப் போலாங்களே" என்று மாமி மெல்லச் சொன்னார். தடைபட்ட சகுனத்துக்கு அதுதான் எங்கள் வழக்கமான பரிகாரம்.

"பூனை குறுக்கால போனா தண்ணி குடிக்கலாம். இங்க உசுரு வுழுந்திருக்குடி. திருப்புடா வண்டிய."

என் தகப்பனார் இறந்த பின் அந்த இடத்தில் நின்றவர் மாமன். அவர் சொல்லுக்கு மறுசொல் எங்கள் வீட்டில் கிடையாது. மாட்டின் கயிற்றை இழுத்து வண்டியைத் திருப்பினேன். ஒரு மைல் தள்ளி ஒரு வீட்டில் எங்களுக்காகச் சமைத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தலைவாரிப் பூ முடித்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பெயர் அஞ்சலை என்பதைத் தவிர அவளைப் பற்றி நான் ஒன்றும் அறியேன்.

பஞ்சாங்கத்தில் இல்லாத பலன்

இவ்விடத்தில் என் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்துப் படியேறியவன் அல்லன். எழுத்துக்கூட்டக் கற்றது மாமன் வீட்டுப் பழைய பஞ்சாங்கத்தில். அதில் 'பல்லி விழும் பலன்' என்ற பக்கமே எனக்கு அரிச்சுவடி. தலையில் விழுந்தால் கலகம், வயிற்றில் விழுந்தால் இன்னது, முதுகில் விழுந்தால் இன்னது என்று விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். மாமன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். தவறாகப் படித்தால் கண்ணைத் திறக்காமலே தொடையில் கிள்ளுவார். நான் இன்று எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கிள்ளுக்குப் பங்கு உண்டு. ஆகவே அவரைக் குறைகூறும் எண்ணம் எனக்கில்லை.

வீடு திரும்பிய அன்று பஞ்சாங்கத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பல்லிக்குப் பலன் இருந்தது. காகத்துக்கும் ஆந்தைக்கும் இருந்தது. குருவி விழுவதற்கு எங்கும் பலன் இல்லை. இல்லாததால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். தோன்றியவற்றுள் கெட்டதே எங்கள் தெருவில் நிலைத்தது. வேறு இடத்தில் எனக்கு அமைய வேண்டிய கல்யாணப் பேச்சுகளும் அந்த ஆண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. அதையும் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே எழுதினார்கள்.

கரி பஸ்

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளையைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, அந்த வாயுவினால் வண்டியை ஓட்டினார்கள். கரி கொட்டுவதும், தீயைக் கிளறுவதும், காற்றுச் சக்கரத்தின் பிடியைக் கையால் சுற்றி அனல் மூட்டுவதும் என் வேலை. திண்டிவனத்தில் ஏறினால் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் என் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே வெளுப்பாக இருக்கும்.

ஓட்டுநர் தாவூத் பாய். கோபத்திலும் சிரிக்க வைப்பவர். மேடு வந்தால் வாயு குறைந்து வண்டி நின்றுவிடும். "ஜல்தி கரியப் போடுப்பா ரத்தினம். உள்ள குந்திக்கினு இருக்கிறவங்க எறங்கி நடந்தாலே நமக்கு முன்னால விழுப்புரம் போயி சோறு தின்னுடுவாங்க" என்பார்.

அப்படி வண்டி தவறாமல் நிற்கும் மேடுகளில் ஒன்று, அந்தக் கோயில் காட்டின் ஓரம்.

ஒரு நாள் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு ஏற வந்த அண்டை ஊர் அம்மாள் ஒருத்தியிடம் பாய் பேச்சுக் கொடுத்தார்.

"பக்ரீத்துக்கு நல்ல கெடா இந்தப் பக்கம் கெடைக்குமாம்மா?"

"ஏன் கெடைக்காது? கெழக்கால போனா குருவி வுழுந்த வூடு. அங்க கேளு. நல்லா வளக்கிறாங்க."

"அது இன்னா பேரும்மா, குருவி வுழுந்த வூடு?"

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால குருவி செத்து வுழுந்துடுச்சாம். அப்பிடியே வண்டியத் திருப்பிக்கினு போய்ட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் அந்தப் பொண்ண கேட்டு வரல. பாவம், ஆடு ஓட்டிக்கினு கெடக்குது."

என் கை பிடியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாப்பா, காத்து போடறத நிறுத்திட்ட? பேஜாரு பண்ணாத" என்று பாய் குரல் கொடுத்தார். நான் மறுபடியும் சுற்றினேன். என் வாயிலிருந்து வந்த ஐந்து சொற்கள்கூட இல்லாத ஒரு கூச்சல், ஒரு குடும்பத்துக்குப் பெயராகிவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நான் பார்க்கத் தவறியது

அடுத்த ஆவணி மழைக்குப் பின், அதே மேட்டில் வண்டி நின்றிருந்தபோது அந்த ஒலியை மறுபடி கேட்டேன். நீண்ட சீழ்க்கை ஒன்று. பிறகு அந்தக் கிறுகிறுப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். மாம்பழச்சிட்டு. சிட்டுக்குருவி அளவே இருக்கும். வயிறு பழுத்த மாம்பழ மஞ்சள், முதுகு கருமை, கரிய இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு. கிளையிலிருந்து எழும்பியது. உடம்பிலுள்ள இறகையெல்லாம் உப்பியது. இடுப்புப் பக்கத்து வெண்ணிற மென்மயிர் முழுதும் விரிந்து, தலையும் காலும் தெரியாத உருண்டையாகி, சுழன்று இறங்கியது.

அது தரைக்கு வரவில்லை. காரைப் புதரின் ஒரு தாழ்ந்த கொம்பில் மெத்தென்று வந்து அமர்ந்தது. இறக்கைகளைத் தொங்கவிட்டு, மயிலுக்கு உள்ளது போல் தன் சிறு வாலை விரித்து நிமிர்த்தியது. அதற்கு ஒரு முழம் தள்ளி, இலையோடு இலையாகப் பச்சை நிறத்தில் இன்னொரு பறவை உட்கார்ந்திருந்தது. பெண். அது ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இறகைக் கோதிக்கொண்டது. ஆண் மறுபடி எழும்பியது, மறுபடி உருண்டையாகி இறங்கியது. கரி எரிந்து வண்டி புறப்படும் மட்டும் இப்படி ஏழெட்டு முறை கண்டேன்.

தன் பெண்ணுக்கு முன் ஆடிய ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் நான் 'செத்து விழுகிறது' என்று கத்தினேன். அதைக் கேட்டு என் திருமணத்தையே திருப்பிக்கொண்டு போனோம்.



ஆட்டுக்குட்டிக்கும் தெரிந்தது

கிடா வாங்கப் போன தாவூத் பாயுடன் நானும் போனேன். அஞ்சலையின் தகப்பனார் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பாய் கிடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில், நான் யார் என்பதைச் சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த பெண்தான் திரும்பினாள்.

"வண்டி ஓட்டிக்கினு வந்தது நீங்கதானா?"

"ஆமாங்க."

"இன்னாத்துக்கு வந்தீங்க இப்ப?"

பார்த்ததைச் சொன்னேன். நான் ஏதோ புதையலைக் கண்டு சொல்வதுபோல் விரிவாகச் சொன்னேன் போலும். அவள் சிரித்தாள். இனிமையான சிரிப்பு அன்று.

"ஆவணி மழை பேஞ்சா அது அப்பிடித்தான் எம்பி எம்பி வுழும். பொட்டை பாக்கணும்னு ஆடும். எங்க வூட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும் அது. ஒங்க ஊரு பெரியவங்களுக்குத்தான் தெரியல."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எங்க ஊருலயும் சொல்ல வேணாம். பேரு கெளம்புனது ஒங்க ஊருல. அங்க போயி சொல்லுங்க. நாலு பேரு கேக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்." பிறகு, எங்கிருந்து வந்ததோ அத்துணிவு, "அதுக்கப்புறம் எங்க அம்மாவ கூட்டிக்கினு மறுபடியும் வரலாங்களா?" என்று கேட்டேன்.

தகப்பனார் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் தழையைக் கட்டி முடித்து, முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மொதல்ல பேரத் தொடைங்க. அப்புறம் வாங்க. வந்தா நானும் ஒங்களப் பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

திரும்பும் வழியில் கிடாவை நான்தான் தோளில் சுமந்து வந்தேன். "கெடா எனக்கு, கல்யாணக் களை ஒனக்கா?" என்று பாய் கேலி செய்தார். எனக்குச் சுமையே தெரியவில்லை.

மாமன் கண்டது

மாமன் வாயால் சொன்னால்தான் ஊர் ஏற்கும். ஆகவே அவரைப் பஸ்ஸில் ஏற்றி வந்து, காட்டோரத்தில் இறக்கி நிறுத்தினேன். பறவை வெகுநேரம் வரவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் அலுத்துக்கொண்டார். பிறகு வந்தது. எழும்பியது, உப்பியது, சுழன்றது, கொம்பில் அமர்ந்தது. அவர் கண்ணெதிரே மூன்று முறை.

மாமன் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார்.

"அன்னிக்கு வுழுந்தது வேற குருவி" என்றார்.

"மாமா..."

"பொண்ணூட்டுக்காரன் அப்பவே ஆள் அனுப்பிச்சு இதையேதான் சொன்னான். அது ஆடற குருவி, சாவலன்னு. பொண்ண வச்சிக்கினு இருக்கிறவன் வேற இன்னாடா சொல்லுவான்? அதெல்லாம் சாட்சி ஆவுமா?"

அவர்கள் ஆள் அனுப்பியதே எனக்கு அன்றுவரை தெரியாது. உண்மை எங்கள் வாசல் வரை வந்து, பெண் வீட்டார் சொன்னது என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

கற்பூரம்

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஊர் கூடும் நாளில் நானே எழுந்து நின்றேன். குருவி சாகவில்லை, பார்க்காமல் கத்தியவன் நான், குற்றம் என்னுடையது என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், "கரி பஸ்ல போய்க்கினே பொண்ண பாத்துட்டான்யா! செத்த குருவிக்கு உசுரு வந்துடுச்சு!" என்றான். கூட்டம் சிரித்தது.

மாமன் எழுந்தார். "ஆசப்பட்டவன் சொல்றது சாட்சி இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது எடுபட்டது.

ஊர்ப் பெரியவர் கையமர்த்தினார். நியாயமான மனிதர். "தம்பி, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். நாளைக்கு நீயே அந்தப் பொண்ண கட்டிக்கினா, இன்னிக்கு சொன்னது பொய்யின்னுதான ஊரு பேசும்? அந்தப் பொண்ணுக்கு அந்தப் பேரும் போவாது, இன்னொரு பேரும் சேரும். நீ இன்னா சொல்ற?"

அவர் என்னை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார், அவ்வளவே. நான் யோசித்த நேரம் மிகக் குறைவு என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரு நாள் ஆற அமர நினைத்திருந்தால் வேறு வழி தோன்றியிருக்குமோ என்னவோ. அன்று காட்டோரத்தில் எப்படிக் கத்தினேனோ, அதே அவசரம்தான் என் பிறவிக் குணம்.

"கட்டிக்க மாட்டேன்" என்றேன்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். எரியும் சுடரை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் முறை. குருவி சாகவில்லை என்றும், அந்தப் பெண்ணை நான் கேட்கப் போவதில்லை என்றும் சொல்லி அணைத்தேன். கரியில் காய்த்துப்போன கை. சூடு உறைக்கவில்லை.

அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. இனி அந்த வீட்டை அந்தப் பெயரால் அழைப்பவர் கோயிலுக்கு விளக்கெண்ணெய் வாங்கி வைக்க வேண்டும் என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடந்தார். அன்று முதல் ஓராண்டு என்னிடம் அவர் பேசவில்லை. என் தாயார் மட்டும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, மூடி வைத்தார்.

மேட்டில் ஒரு சொல்

அஞ்சலையும் அவள் தகப்பனாரும் ஒரு நாள் விழுப்புரம் போக எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். மேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் புகைக்கு ஒதுங்கி, சற்றுத் தள்ளி வந்து நின்றாள்.

"கற்பூரம் அணைச்சீங்களாமே. எங்கப்பா சொன்னாரு."

"ஆமாங்க. இனிமே அந்தப் பேரு வராது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒளிவில்லாமல், நேராக, வேண்டிய மட்டும் பார்த்தாள். என் முகத்தில் பார்ப்பதற்கு அன்று கரியைத் தவிர என்ன இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

"குருவி சாவலன்னு மட்டும் சத்தியம் பண்ணியிருக்கலாம்" என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த தை மாதத்தில் வளவனூர்ப் பக்கம் நல்ல இடத்தில் அவளைக் கொடுத்தார்கள். நானும் பின்னர் மணம் செய்துகொண்டேன். என் மனைவி இக்கதையை முழுதும் அறிவாள். இதை எழுதச் சொன்னவளும் அவளே. சத்தியத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அது சரியான சத்தியமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், அஞ்சலையின் பிறந்த வீட்டுப் பேத்திக்கு வரன் பேசிய இடத்தில், "குருவி விழுந்த வீடுதானே அது?" என்று ஒருவர் கேட்டதாகச் செய்தி வந்தது. விளக்கெண்ணெய்த் தீர்ப்புச் சொன்ன பெரியவரும் என் மாமனும் மறைந்து நெடுங்காலமாயிற்று. அந்தக் காட்டோரத்தில் நின்றவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. வாயால் செய்த சத்தியம் கேட்டவர்களோடு போய்விடுகிறது என்பது இப்போது தெரிகிறது.

ஆகவே ஐயா, அம்மணி, திண்டிவனம், விழுப்புரம், வானூர், வளவனூர்ப் பக்கங்களில் இதை வாசிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. குருவி சாகவில்லை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டில் வைத்திருங்கள். யாரேனும் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.